நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் ஒரு மின்னேற்றி

தனி வீட்டில் வசிப்போருக்கு மின்சாரக் காருக்கான மின்னேற்றியைப் பொருத்துவது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடியும் வேலை. எலெக்ட்ரீஷியன் வந்து, பேனலிலிருந்து கம்பி இழுத்து, கராஜ் சுவரில் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். ரொறன்ரோ பெரும்பாகத்துக் கொண்டோக்களில் குடியிருப்போருக்கோ, வீடு வானத்தை அண்டியும் கார் நிலத்துக்குக் கீழேயும் இருக்க, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சுவரும் குழாயும் மின்சார அறையும் அனைவருக்கும் பொதுவான ஆஸ்தியாக இருக்கின்றமையால், அதே காரியம் சட்டமும் பொறியியலும் அயலவர் சம்மதமும் கலந்த பெரு முயற்சியாக விரிந்துவிடுகிறது. ஸ்காபரோவில் என் கட்டடத்தில் அம்முயற்சியை நிறைவேற்றி, கோடையிலும் குளிரிலும் அக்கருவியைப் பயன்படுத்திப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை இது. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் ஆம்பியர் எண்ணைவிட, பக்கத்துக் கார்களுடன் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆற்றல் அக்கருவிக்கு உண்டா என்பதையே கொண்டோவாசி முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சட்டம் நமக்கு அனுகூலமாகவே இருக்கிறது. 2018 மே 1 முதல் ஒன்ராறியோவில் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, சொந்தச் செலவில் மின்னேற்றி பொருத்த விரும்பும் உரிமையாளர் வரைபடங்களும் விவரங்களும் இணைத்து எழுத்தில் விண்ணப்பித்தால், நிர்வாக சபை 60 நாட்களுக்குள் பதிலளித்தாக வேண்டும். மறுப்பதாயின், அவ்வேலை வேறொரு சட்டத்துக்கு முரணானது என்றோ, கட்டடத்தின் உறுதியைக் குலைக்கும் என்றோ, உயிருக்கும் உடைமைக்கும் கடும் ஆபத்தை விளைவிக்கும் என்றோ தகுதிவாய்ந்த நிபுணர் ஒருவரின் கருத்து அதற்கு ஆதாரமாக இருக்க வேண்டும். ஆயினும் முதற்கடிதத்திலேயே சட்டப் பிரிவைக் காட்டி அச்சுறுத்துவது உசிதமன்று. சபையில் அமர்ந்திருப்போரும் நம்மைப் போன்ற குடியிருப்பாளர்களே. தீ நேர்ந்தால் என்ன, மின்கட்டணத்தை யார் தருவது என்ற அவர்களுடைய ஐயங்கள் நியாயமானவை. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே வேலை செய்வார், மாகாண மின்பாதுகாப்பு அதிகாரசபையின் பரிசோதனை நடைபெறும், செலவாகும் மின்சாரம் தனி மின்மானியில் பதிவாகும் என்ற மூன்றையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் ஆட்சேபணைகளிற் பெரும்பகுதி அடங்கிவிடும்.

இனி, இம்மதிப்புரையின் சாரமான மின்சார அறைக்கு வருவோம். தனி வீட்டுக்கு வருவது 240 வோல்ட். மும்முனை மின்சாரம் பெறும் பெரிய கட்டடத்திலோ இரு முனைகளுக்கிடையே கிடைப்பது பொதுவாக 208 வோல்ட்தான். ஆகவே 32 ஆம்பியர் எடுக்கும் ஒரே கருவி அங்கே 7.7 கிலோவாட்டும் இங்கே 6.7 கிலோவாட்டும் தரும். இடைவிடாது மணிக்கணக்காக ஓடும் சுமையாதலால் பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுப்பது தகாது. எனவே 32 ஆம்பியருக்கு 40 ஆம்பியர் பிரேக்கர் வேண்டும். முந்தி விண்ணப்பித்த சிலர் ஆளுக்கு 40 ஆம்பியராகப் பிடித்துக்கொண்டால், பின்னால் வருபவரிடம் மின்மாற்றியையே பெரிதாக்க வேண்டும் என்று சொல்லி, அதன் செலவு முழுவதையும் அவர் ஒருவர் தலையில் சுமத்தும் நிலை உண்டாகும். பொதுச் சொத்தை முந்தியவர்கள் தீர்த்துவிடும் இந்த அநியாயத்துக்குச் சட்டம் தானாகப் பரிகாரம் செய்துவிடாது. கருவியைத் தேர்ந்தெடுக்கும் நாமேதான் செய்ய வேண்டும்.

பங்கிடும் கருவி இதைச் செய்யும் விதம் அழகானது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் வேலை காருக்குள்ளேயே நடைபெறுகிறது. சுவரிலுள்ள பெட்டி, விநாடிக்கு 1,000 முறை துடிக்கும் ஒரு சிறு சமிக்ஞையின் மூலம், இவ்வளவு வரை எடுக்கலாம் என்று காருக்கு அறிவித்துக்கொண்டே இருக்கிறது. துடிப்பு உயர்ந்து நிற்கும் நேரம் 50 சதவீதமானால் 30 ஆம்பியர். 10 சதவீதமானால் 6 ஆம்பியர், அதுவே தராதரம் அனுமதிக்கும் கீழெல்லை. பக்கத்துத் தரிப்பிடக்காரர் தம் காரை இணைத்ததும் என் திரையிலிருந்த 32 என்ற எண் சில விநாடிகளில் 16 ஆக இறங்குவதையும், அவர் காரை எடுத்துக்கொண்டு போனதும் மறுபடி ஏறுவதையும் நின்று பார்த்திருக்கிறேன். கட்டடத்தின் மொத்தச் சுமையையும் அளக்கும் ஏற்பாடு இருந்தால், வீடுதோறும் அடுப்பெரியும் மாலை வேளையில் கார்களுக்குக் குறைத்தும் நள்ளிரவுக்குப் பின் கூட்டியும் தர இயலும்.

பாதியாகக் குறைந்த மின்சாரம் போதுமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கே விடை. 16 ஆம்பியரில் 8 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 26 கிலோவாட்-மணி கிடைக்கும். வழியில் வீணாவதைக் கழித்து, குளிர்காலத்தில் 100 கிலோமீட்டருக்கு 25 கிலோவாட்-மணி செலவாகும் எனக் கொண்டாலும், ஓரிரவில் 90 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்யப் போதுமானது. தன் வீட்டு மின்மானியுடனேயே இணைப்பதற்கு வாய்ப்புள்ளவர், 2023இல் ஒன்ராறியோவில் தொடங்கிய, இரவு 11 முதல் காலை 7 வரைக்கான மிகக் குறைந்த கட்டணத் திட்டம் தமக்குக் கிடைக்குமா என்று அவசியம் விசாரிக்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் சிரமமானது கொங்கிறீற்றைத் துளைப்பது. உள்ளே கம்பி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்து பார்க்காமல் துளையிட விடக்கூடாது. துளையைத் தீ பரவாத பூச்சால் அடைத்தார்களா என்பதையும் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவியில், காரில் செருகும் கைப்பிடி எனக்கு மிகப் பிடித்தது. அதன் பொத்தானை அழுத்திய மாத்திரத்தில், முனைகள் பிரியும் முன்பே கார் மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிடுவதால் தீப்பொறிக்கு இடமில்லை. பிடிக்காதது செயலி. கைபேசி அலை எட்டாத ஆழத்தில், கைபேசி வழியாகத்தான் தொடங்க முடியும் என்று ஒரு கருவியை வடிவமைத்தவர் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் ஒருமுறையேனும் நின்று பார்த்திருக்க மாட்டார். அட்டையைக் காட்டினாலே இயங்கும் வகையையும், தங்களுக்குள் கம்பி வழியே பேசிக்கொள்ளும் வகையையும் தேடி வாங்குவதே விவேகம்.

தனியாக ஒருவர் 40 ஆம்பியர் இணைப்புக் கேட்பதை நான் இனிச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே தளத்திலுள்ள நான்கைந்து பேர் சேர்ந்து, பொதுவான ஒரு பேனலை அமைத்து, பின்னால் வருவோரும் அதிலிருந்து கிளை எடுக்கும்படி சபையிடம் விண்ணப்பித்தால் ஆளுக்கு வரும் செலவு குறையும். விண்ணப்பம் எழுதுமுன், கட்டடத்தின் கடந்த ஓராண்டு உச்சமின்சுமை விவரத்தைச் சபையிடம் கேட்டு வாங்குங்கள். எத்தனை கார்களுக்கு இடமுண்டு என்பதை எலெக்ட்ரீஷியன் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.