காற்கூறு கல்வி

நன்னூற் பொதுப்பாயிரத்திற் பாடங் கேட்டலின் முறைமையைக் கூறும் பவணந்தி முனிவர், அதன் முடிவில் ஒரு கணக்கினையும் வைத்துச் செல்கின்றார். ஆசிரியன் உரைத்ததைக் குறைவறக் கொண்டானாயினும் மாணாக்கன் அதனாற் பெறுவது புலமையின் காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது அக்கணக்கு. நாவலர் காண்டிகையுரையோடு நன்னூலைப் பயின்று வந்த யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிய செய்தியன்று. எனினும், ஒப்பித்து விடுதற்குரிய சூத்திரங்களுள் ஒன்றாக அது கிடந்ததேயன்றி, ஒரு கல்வி ஏற்பாட்டினை அளந்து பார்க்குங் கோலாக எடுத்தாளப்பட்டமை அரிது. அண்மைக் காலத்து நோயிடரின்போது இந்நாட்டு உயர்நிலைப் பாடசாலைகள் செய்துகொண்ட ஆயத்தத்தினை மதிப்பிடுதற்கு அதனினுஞ் சிறந்த கோல் வேறில்லை.

கொவிட்-19 நோய் இலங்கையிற் பரவத் தொடங்கவே, 2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. சில வாரங்களுக்கென மூடப்பட்டவை யூலை மாதத்திலேயே, அதுவும் படிப்படியாக, மாணாக்கரை மீண்டும் ஏற்றன. ஒக்டோபரில் மறுபடியும் அடைபட்டன. 2021 ஏப்பிரல் இறுதியிலிருந்து மேலும் பல மாதங்கள் வகுப்பறைகள் வெறுமையாயின. இவ்விடர் எல்லா வகுப்பினரையும் வருத்தியதெனினும் உயர்தர வகுப்பினரை வருத்தியது வேறு வகையில். கீழ்வகுப்புப் பிள்ளைக்கு இழந்ததை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் உள. உயர்தர மாணாக்கனுக்கோ எதிரே நாள் குறித்த பரீட்சையொன்று நிற்கின்றது. ஓகஸ்ட் மாதத்தில் நடைபெறவிருந்த 2020ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை பிற்போடப்பட்டு, நோய் இரண்டாம் முறை பெருகிய நாள்களிலேயே, ஒக்டோபர் 12 முதல் நவம்பர் 6 வரை நடத்தி முடிக்கப்பட்டது. தொலைவிலிருந்து கற்பித்தற்கென அவசர அவசரமாகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் இத்தகைய மாணாக்கருக்கு எதனைக் கொடுத்தன, எதனைக் கொடாது விட்டன என்பதே வினா.

ஏற்பாடுகள் செய்யப்படவில்லை என்று எவருங் கூறுதற்கில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் இணையத்தளம் நோய்க்கு முன்னரே இருந்தது; அதிலே பாடங்கள் மேலும் சேர்க்கப்பட்டன. குருகெதர என்னும் நிகழ்ச்சி தொலைக்காட்சியிலே தொடங்கி, தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் ஒளிபரப்பாயின. பாடசாலைகள் தத்தமக்கு இயன்றவாறு வட்ஸ்அப் குழுக்களை அமைத்தன. வசதியுள்ளவை சூம் வழியாக நேரசூசிப்படி வகுப்புகளை நடத்தின. ஆசிரியர் பலர் தம் கைப்பொருளைச் செலவிட்டு இணைய இணைப்பினைப் பெற்று, அதுவரை தொட்டறியாத கருவிகளை ஒரு திங்களிற் பழகிக்கொண்டனர். அவர்தம் உழைப்பினைக் குறைத்துக் கூறுவது நன்றியின்மையாகும்.

ஆயின், இவ்வேற்பாடுகள் அனைத்தையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். அவை யாவும் பாடம் புறப்பட்டுச் செல்லும் வழியைச் செப்பனிட்டனவேயன்றி, மாணாக்கனிடமிருந்து யாதேனுந் திரும்பி வரும் வழியை அமைத்தவையல்ல. தொலைக்காட்சி பேசும், கேளாது. இணையத்தளத்திற் பாடம் இருக்கும். அதனைத் திறந்தவன் எவ்விடத்தில் இடறினான் என்பதனை அஃது அறியாது. வட்ஸ்அப் குழுவிலே நாடோறும் வந்து குவிந்தவை கையெழுத்துக் குறிப்புகளின் நிழற்படங்கள். மாணாக்கன் அவற்றைச் சிறு திரையிற் பெருப்பித்துப் பெருப்பித்து நோக்கித் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான். எழுதி முடித்த பக்கத்தைத் தானும் படமெடுத்து அனுப்பினான். ஆசிரியர் ஒரு பெருவிரல் அடையாளத்தை இட்டார். அன்றைய பாடம் அவ்வளவில் முற்றுப்பெற்றது.

இதனைக் கருவியின் குற்றம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. உண்மை அதனிற் கசப்பானது. உயர்தர வகுப்புகளிற் கற்பித்தல் என்பது பெரும்பாலுங் குறிப்புச் சொல்லுதலாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. ஆசிரியர் வாசிப்பார்; மாணாக்கர் எழுதுவர்; மாலையில் தனியார் கல்வி நிலையத்தில் அதனையே மற்றொருவர் அச்சிட்ட தாளாகக் கொடுப்பார். இவ்வாறான வகுப்பறையைக் கைத்தொலைபேசிக்கு மாற்றுதல் எவ்வகை இடர்ப்பாடுமின்றி நிகழ்ந்தமை வியப்பன்று, மாற்றுதற்கு அங்கே வேறொன்றும் இருந்ததில்லையாதலின். ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இடையிலே தொலைவினை நோய் புதிதாகப் படைத்ததில்லை. முன்னரே இருந்த தொலைவைக் கிலோமீற்றர் கணக்கிற் காட்டிற்று.

பாடம் சொல்வோன் முகமலர்ந்து, கேட்போன் எவ்வாறு கொள்கின்றான் என்பதை அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு உரைத்தல் வேண்டும் என்பது நன்னூலார் ஆசிரியர்க்கு விதித்த விதி. மாணாக்கருள் அன்னம் போல்வாரும் உளர், கிளி போல்வாரும் உளர், எருமை போல்வாரும் உளர் என்று அவர் வகுத்துக் காட்டியதும், முகம் பார்த்து வகையறியும் ஆசிரியர் ஒருவரை மனத்திற் கொண்டே. சூம் வகுப்பில் மாணாக்கர் அனைவரும் பெயர் பொறித்த கறுப்புக் கட்டங்களாயினர். அன்னமும் எருமையும் ஒரே கட்டத்துட் புகுந்துகொண்டபின் ஆசிரியர் யார் முகத்தை நோக்கி உரைப்பது? படக்கருவியைத் திறந்து வைக்கும்படி அவர் வற்புறுத்தவும் இயலாது. ஏழை மாணாக்கன் தன் வீட்டின் சுவரைப் பிறர் காண விரும்பான். விரும்பினும் அவன் வாங்கிய இணையக் கொடுப்பனவு படத்தைத் தாங்காது.

அக்காற்கூறுதானும் எல்லார்க்குங் கிட்டியதா? குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் கணக்குப்படி 2019இல் இந்நாட்டுக் குடும்பங்களுள் ஏறத்தாழ 22 வீதமானவற்றிலேயே கணினி இருந்தது. நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்றனுள் தோட்டப்பகுதி மிகத் தாழ்ந்து நின்றது. ஒரு வீட்டிற்கு ஒரு கைத்தொலைபேசி. அதுவும் தந்தையோடு தொழிலுக்குச் சென்றுவிடும். மாலையில் அது வீடு திரும்பும்போது மூன்று பிள்ளைகள் காத்திருப்பர். 2021இல் லுணுகலைப் பகுதியிற் காட்டினுள்ளே மரத்தின்மீது அமைந்த குடிலொன்றில் ஏறி இணையத் தொடர்பு பெற்ற பிள்ளைகளின் படங்களும், வேறொரு கிராமத்தில் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து பாறையுச்சியை அடைந்து பாடங்களைப் பெற்றோரின் படங்களும் உலகெங்கும் வெளியாயின. அப்படங்களைக் கண்டு அவர்தம் ஊக்கத்தைப் பாராட்டியோர் பலர். பாராட்டுதற்கு முன், அப்பிள்ளைகள் உச்சியேறிப் பெற்றது யாது என்று வினவியிருத்தல் வேண்டும்: ஆசிரியர் அனுப்பிவைத்த குறிப்பினையே அவர்கள் பெற்றனர். ஒன்று மட்டும் உண்டு. வசதிபடைத்த வீட்டு மாணாக்கன் தன் அறையிலே தனித்திருந்தான். பாறையேறிய பிள்ளைகளோ ஒருங்கு கூடியிருந்தனர். நன்னூலார் கூறிய இரண்டாங் காற்கூறு, எவருந் திட்டமிடாமலே, அப்பாறையின்மீது கிட்டியிருத்தல் கூடும். அதற்காகச் சிறுத்தையும் யானையும் உலாவுங் காட்டினூடே எவரையும் அனுப்புதல் தகாது.

நோய்க்காலத்தில் வீட்டிலிருக்கும் மாணாக்கர்க்குக் கருவி வழியாகப் பாடஞ் சொல்லுதல் 2020இல் தோன்றிய புதுமையன்று. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இளம்பிள்ளைவாத நோய் பரவியபோது, செப்டெம்பரிற் பாடசாலைகள் திறக்கப்படுவது தள்ளிவைக்கப்பட்டது. அப்பொழுது கல்விப் பணிப்பாளராயிருந்த வில்லியம் யோன்சனும் அவர்தங் குழுவினரும் வானொலியின் துணையை நாடினர். ஆறு நிலையங்கள் நேரத்தை இலவசமாக வழங்கின. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென, ஒவ்வொன்றுங் கால்மணி நேர அளவினதாகப் பாடங்கள் ஒலிபரப்பப்பட்டன. அன்றன்றைக்குரிய பாட ஒழுங்கையும் வினாக்களையும் செய்தித்தாள்கள் காலையிலே அச்சிட்டு வெளியிட்டன. மூன்று வாரத்துக்குள் முடிவுற்ற இம்முயற்சியிலுங் குறைகள் மலிந்திருந்தன. வானொலிப்பெட்டி இல்லாத வீடுகள் இருந்தன. ஒலி தெளிவாகக் கிட்டாத இடங்கள் இருந்தன. மெல்லக் கற்போர் பாடத்தின் விரைவுக்கு ஈடுகொடுக்க மாட்டாது பின்தங்கினர்.

ஆயினும் அவர்கள் ஆயத்தத்தில் இங்குக் காணாத கூறொன்று இருந்தது. ஒலிபரப்பைத் தொடங்கியபோதே தொலைபேசி இணைப்புகளை அமைத்து, அவற்றின் முன்னே பதினாறு ஆசிரியர்களை இருத்தினர். பெற்றோரும் பிள்ளைகளும் ஐயங்களை அவர்களிடங் கேட்கலாம். முதல்நாளிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. உடனே மேலும் ஐந்து ஆசிரியர் சேர்க்கப்பட்டனர். மூன்று இலட்சம் பிள்ளைகளுக்கு இருபத்தோர் ஆசிரியர் எம்மூலைக்குப் போதும் என்று எள்ளுதல் எளிது. போதாதுதான். எனினும், வானொலி கேளாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்; அறிந்து, கேட்குஞ் செவியொன்றைத் தனியே அமைத்தனர். ஒவ்வொருவர் கையிலுமுள்ள கருவியே பேசவுங் கேட்கவும் வல்லதாயிருந்த 2020இலோ, அச்செவி மூடியே கிடந்தது. நிருவாகி மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று பூட்டப்பட்ட வகுப்புக் குழுக்களின் உறுப்பினர் இதனை நன்கறிவர். இரைச்சலைத் தடுத்தற்கென அப்பூட்டு இடப்பட்டது. இரைச்சலோடு வினாவுந் தடைப்பட்டது.

இனி, எஞ்சிய அரைக்கூறு. தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் என்பதைச் சொற்பொழிவாற்றுதல் என்றே கொள்ளவேண்டுவதில்லை. கற்றதைத் தன் வாயாலுந் தன் கையாலும் வெளிப்படுத்திப் பிறர்முன் பிழைபட்டுத் திருந்துதல் என்று விரித்துக் கொள்ளலாம். விஞ்ஞான மாணாக்கன் செய்யும் நியமிப்பினை எடுத்துக்கொள்க. அளவியிலிருந்து காரம் துளித்துளியாக வீழ்கின்றது. குடுவையிலுள்ள நிறமற்ற கரைசல் ஒரு துளியில் இளஞ்சிவப்பாக மாறுகின்றது. காணொளியில் இதனைக் காண்பவனுக்கு அத்துளி ஒருபோதும் பிழைப்பதில்லை. ஆய்வுகூடத்தில் நிற்பவனோ முதன்முறை மூன்று துளி மிகையாக விட்டுக் கடுஞ்சிவப்பைக் காண்பான்; அருகில் நிற்பவன் நகைப்பான்; மறுமுறை கை தானே நிதானப்படும். அம்மூன்று துளியைப் பாடத்திட்டத்தில் எங்கும் எழுதிவைத்திலர். செய்முறையினைக் காணொளியாக மாற்றிவிட்டோம் என்று நிறைவடைந்தோர் அதனையே விட்டுவிட்டனர். இலக்கிய வகுப்பிலும் நிலைமை இதுவே. ஒரு செய்யுளுக்கு மாணாக்கன் தானாக ஒரு பொருள் கூறி, மற்றொருவன் அதனை மறுக்க, இருவரும் பாடலை மீண்டும் படித்துப் பார்த்தல் குறிப்பனுப்பும் முறையில் நிகழாது. குறிப்பில் ஒரே பொருள்தான் இருக்கும்.

எதிர்வழக்கு ஒன்றனையும் நோக்குதல் முறைமை. ஒரு நூலை இருமுறை கேட்டவனுக்குப் பிழை பெரிதும் நீங்கும், மும்முறை கேட்டவன் அதனை முறையறிந்து உரைக்கவல்லனாவான் என்று அதே பொதுப்பாயிரங் கூறுகின்றது. வகுப்பறையில் ஒருமுறையே ஒலித்து மறையும் உரையை மும்முறை கேட்க வழிசெய்தது பதிவுசெய்த பாடமே. இணைந்த கணிதத்தில் ஒரு நிறுவலை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தெளிந்த மாணாக்கர் உண்டு. முன்வாங்கிற்கும் பின்வாங்கிற்கும் ஆசிரியர் குரல் ஒரே அளவிற் கேட்டதும் ஒரு நன்மையே. இவ்வளவில் அக்கருவிகளைப் போற்றுதல் தகும். ஆனால் மும்முறை கேட்டல் முதற்காற்கூற்றினை உறுதிப்படுத்துவது, இரண்டாவதைத் தருவதன்று.

நோய்க்கு நடுவே அவசரத்திற் செய்தவற்றை இத்துணை நுணுகி ஆராய்தல் தகுமோ எனின், 2020 மார்ச்சில் தகாது. நாடு நெருப்பில் நிற்கையில் நீர்க்குடத்தின் வனப்பை எவரும் ஆராயார். ஆயின் அது பல திங்கள் நீடித்தது. 2021 யூலை 12இல் ஆசிரியர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டை முன்னிட்டு இணைய வகுப்புகளிலிருந்து விலகியபோது, அப்போராட்டத்தின் நியாயம் ஒருபுறமிருக்க, அனுப்புவோர் நின்றதும் யாவும் நின்றுபோயின. மாணாக்கர் தம்முட் கூடிப் பயிலும் பழக்கம் ஊட்டப்பட்டிருந்தாற் சிறிதேனும் எஞ்சியிருக்கும். நான்கு நான்கு பேராக மாணாக்கரைப் பிரித்து, ஒவ்வொருவனும் கிழமைக்கு ஒரு பாடத்தை மற்ற மூவர்க்குந் தொலைபேசியில் எடுத்துரைக்குமாறு ஒழுங்குசெய்தற்குக் கணினி வேண்டியதில்லை, இணையமும் வேண்டியதில்லை, சிறிது நம்பிக்கையே வேண்டியிருந்தது.

2022 யூன் மாதத்தில் எரிபொருள் இன்மையாற் கொழும்பிலும் வேறு நகர்ப்புறங்களிலும் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. நோயின்றியே வந்த இம்மூடலின்போதும் இணைய வகுப்புகளே மாற்றாக அறிவிக்கப்பட்டன. வகுப்புகள் தடையின்றி நடைபெறுதற்பொருட்டு வார நாள்களிற் காலை 8 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மின்வெட்டு இராது என்றும் உறுதிகூறப்பட்டது. மாணாக்கன் பாடத்தைத் தானே மீட்டு, தோழனோடு ஆராயும் நேரமாகிய மாலைக்கும் இரவுக்கும் அவ்வுறுதி இருந்ததில்லை.