தண்ணிப் பாம்பை ரசிப்பது எப்படி?

ரம்புக்கனை ரயில் நிலையத்தில் இறங்கும் பிரயாணிகளில் அநேகர் பின்னவலைக்கே செல்கின்றனர். அங்கே 1975 ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட யானைகள் அநாதாலயத்து மந்தை மகா ஓயாவில் இறங்கி நீராடுவதைக் காண்பதற்கென்றே தேசாந்தரங்களிலிருந்தும் ஜனங்கள் வந்து கூடுகின்றனர். அக்காட்சி அத்தனை தூரப் பிரயாணத்துக்குத் தகுதியுடையதே. ஆயினும், அதே ஆற்றின் ஓரத்தில், புல் சாய்ந்து நீரைத் தொடும் ஒதுக்கமான இடத்தில், விரலகலமே உள்ள ஒரு தலை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே எழுந்து, அசைவின்றி, சுற்றுப்புறத்தை நோக்கியிருக்கக் கண்டவர்கள் மிகச் சிலரே. கண்டவர்களிலும் பலர் கல்லைத் தேடிக் குனிந்திருப்பார்கள். தண்ணிப் பாம்பு என்று நம் தோட்டங்களிலும், தியநயா என்றும் தியபொலங்கா என்றும் சிங்களக் கிராமங்களிலும் சொல்லப்படும் இந்த விஷமற்ற பிராணிகள், நம் வயல்களிலும் ஓடைகளிலும் நாம் விலையின்றிக் காணக்கூடிய மிக உயர்ந்த காட்சிகளுள் ஒன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம். பயத்தைக் கொஞ்ச நேரம் அடக்கிவைக்கும் பொறுமையைத் தவிர இதற்கு வேறு மூலதனம் வேண்டியதில்லை.

முதலில் யாரைப் பார்க்கிறோம் என்று தெரிந்திருத்தல் நலம். சப்பிரகமுவாவின் தாழ்நிலங்களிலும் குன்றடிவாரங்களிலும் அடிக்கடி கண்ணிற் படுவது, விஞ்ஞானிகள் ஃபவுலியா அஸ்பெரிமா என்று பெயரிட்டுள்ள இனம். 1891 இல் புலஞ்சே என்னும் விலங்கியல் அறிஞர் இதனைத் தனி இனமாக விவரித்தார். இலங்கைத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. தமிழ்நாட்டு ஏரிகளிலும் குளங்களிலும் மலிந்திருக்கும் இதன் தாயாதி இனமோ, பாட்ரிக் ரஸ்ஸல் என்ற வைத்தியர் சோழமண்டலக் கரையில் சேகரித்து 1796 இல் சித்திரங்களோடு வெளியிட்ட பாம்பு நூலின் வாயிலாக ஐரோப்பிய விஞ்ஞானத்தை எட்டி, 1799 இல் ஷ்னைடர் என்பவரால் லத்தீன் நாமம் பெற்றது. இவையிரண்டும், அமெரிக்க ஆறுகளின் நீர்ப்பாம்புகளும், ஐரோப்பாவின் புல் பாம்பும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்க உறவினர் குட்டி ஈன, நம்முடையவையும் ஐரோப்பியப் புல் பாம்பும் முட்டையிடுகின்றன.

காண்பதற்கு உகந்த காலம் மழைக்குப் பிந்திய நாட்களே. சிறுபோகத்துக்கோ பெரும்போகத்துக்கோ வயலில் நீர் கட்டி, சேறு கலக்கி, தவளைகளின் சப்தம் அந்தியிலே ஓங்கும் வாரங்களில் வரம்போரமாக நடப்பவருக்கு ஏமாற்றம் அரிது. றப்பர்த் தோட்டங்களில் பீலியிலிருந்து வழியும் நீர் ஓடையோடு சேரும் இடமும், இரத்தினபுரிப் பக்கத்தில் கைவிடப்பட்டு நீர் தேங்கிய மாணிக்கக் குழிகளின் ஓரமும் நல்ல ஸ்தலங்கள். ஆனால் குழியின் விளிம்பு இடிந்து விழக்கூடியதாகையால் எட்டி நிற்பதே விவேகம். நம் நிழல் நீரின்மேல் விழாதபடி நின்று, காலைத் தரையில் அதிரவைக்காமல், கையை ஆட்டாமல், சிறிது நேரம் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பாம்புக்கு வெளிச்செவி இல்லையென்றாலும் தரையின் அதிர்ச்சியை அது நன்றாகவே உணரும். பேசுவதைவிட நடப்பதுதான் அதனை விரைவில் விரட்டும்.

தென்பட்டதும் உடலின் நீளத்தை அளக்கப் புகாமல், தலையை முதலிற் பாருங்கள். இயன்றால் தூரதர்சினிக் கண்ணாடி ஒன்றை உடன் கொண்டு செல்லுங்கள். வட்டமான கண்மணி, கண்ணுக்குக் கீழிருந்தும் பின்னிருந்தும் உதட்டை நோக்கிச் சாய்ந்து இறங்கும், கலைந்த கண்மை போன்ற இரண்டு கருங்கோடுகள். இந்தக் கோடுகளைக் கண்டுகொண்டவர் பிறகு இவ்வினத்தைத் தவறவிடமாட்டார். பிறகு முதுகுக்குப் பார்வையைச் செலுத்தினால், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தின்மேல் முன்னுடலில் பெரிய கரும்புள்ளிகள் வரிசையாகத் தெளிந்து நின்று, வாலை நெருங்க நெருங்க மங்கிப்போவதைக் காணலாம். கலங்கிய நீரின் ஒளியும் நிழலும் மேலே படரும்போது அப்புள்ளிகளே பாம்பை மறைக்கும் திரையாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இல்லாமற் போய்விடுவது விந்தையான அநுபவம். வெயிலில் கரையேறிக் கிடக்கும் ஒன்றை அமைதியாக நோக்கக் கிடைத்தால், செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஓடும் மெல்லிய மேட்டைக் கவனியுங்கள். சாரையின் வழுவழுப்பு இதற்கில்லை. இந்த மேடுகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் ஈர உடம்பும் மின்னாமல், சேற்றின் நிறத்தோடு ஒன்றித் தோன்றுகிறது.

நீந்துவதைப் பார்ப்பதற்கு வேறுவிதக் கவனம் வேண்டும். கடற்பாம்புக்குத் துடுப்புப்போலத் தட்டையான வால் உண்டு. நம் ஓடைப் பாம்புக்கு அத்தகைய விசேஷ உறுப்பு எதுவும் கிடையாது. வால் உருண்டு மெலிந்தது. நிலத்தில் ஊர்வதற்கு உதவும் அதே உடல், அதே அலைவு, தண்ணீரிலும் வேலை செய்கிறது. கழுத்தருகே சிறியதாகத் தொடங்கும் வளைவு உடல்வழியே பின்னோக்கிச் செல்லச் செல்லப் பெரிதாகி, வாலிலே வீசி எறியப்படுவதையும், அத்தனை அசைவுக்கும் நடுவே தலை மாத்திரம் நேர்க்கோட்டில் முன்னேறுவதையும் ஒருமுறை நன்றாகப் பார்த்தவர், அவ்வழகைக் காண மீண்டும் மீண்டும் கரைக்கு வருவார்.

இரை தேடும் வேளையில் இந்தச் சாந்தம் முற்றிலும் மாறிவிடும். மீன், தவளை, இளம் பாம்புகளுக்குத் தவளைக்குஞ்சு ஆகியனவே ஆகாரம். நஞ்சால் மயக்கும் சக்தியும், மலைப்பாம்பைப் போலச் சுற்றி நெரிக்கும் வழக்கமும் இல்லாமையால், பிடித்ததை உயிரோடு விழுங்குவதைத் தவிர இதற்கு மார்க்கமில்லை. பின்னோக்கி வளைந்த பற்கள் வழுக்கும் மீனையும் விடாமல் பற்றிக்கொள்ள, இரு தாடைகளும் மாறிமாறி முன்னேற, இரை சிறிது சிறிதாக உள்ளே செல்கிறது. தவளையின் ஓலம் மனத்தைக் கலக்கக்கூடும்; குறுக்கிடாதீர்கள்.

சீறும் தண்ணிப் பாம்பையும் ரசிக்கத் தெரிய வேண்டும் என்பேன். ஒதுங்க வழியில்லாதபோது இது முன்னுடலை உயர்த்தி, கழுத்தைத் தட்டையாக்கி, நாகத்தின் பாவனையில் நிற்கும். அணுகினால் தயங்காமற் கடிக்கும். பிடித்தால் துர்நாற்றமுள்ள திரவத்தைப் பீய்ச்சும். சோழமண்டலத் தாயாதியோ பிடிபட்ட வாலை முறித்துக்கொண்டு தப்பவும் வல்லது; பல்லிக்கு வளர்வதைப்போல அவ்வால் திரும்ப வளர்வதில்லை. நீர்க்கோலி, அதாவது தண்ணிப் பாம்பு, கடித்தாலும் இராச்சாப்பாடு நின்றுபோகும் என்று மலையாளிகளிடம் ஒரு பழமொழி உண்டு. பாம்பு தீண்டியவர் பட்டினி கிடக்க வேண்டும் என்ற பழைய வைத்திய வழக்கத்தால், விஷமற்ற கடியும் ஒருவனுடைய உணவைக் கெடுத்துவிடும் என்பது அதன் தாத்பரியம். இந்தச் சினம் முழுவதும் ஆயுதமற்ற பிராணியின் வேஷமேயன்றி வேறில்லை. நஞ்சில்லாத ஒன்று, நஞ்சுள்ளதன் தோரணையை இத்தனை நிறைவாக மேற்கொள்வதை நான் இயற்கையின் அதியற்புத நாடகங்களில் ஒன்றாகவே கருதுகிறேன்.

இருந்தும், என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், இவற்றுள் மகுடம் வேறொன்றுக்கே: அட்ரேடியம் என்ற ஒலிவப் பச்சைத் தண்ணிப் பாம்பு. முதுகிலே புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. பாசி படிந்த நீரின் பச்சை மாத்திரம். வயிற்றில் தெளிந்த மஞ்சள். நாசித்துவாரங்கள் மூக்கின் மேற்புறத்தை நோக்கி அமைந்திருப்பதால், உடல் முழுவதும் அமிழ்ந்திருக்க, தலையின் உச்சி சிறிதே வெளிப்பட்டாலும் இதனால் சுவாசிக்க முடியும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது மிதக்கும் இலைத்துணுக்காகத் தோன்றும். துணுக்கு நீரோட்டத்துக்கு எதிராக நகர்ந்தால்தான் சந்தேகமே எழும். அலங்காரம் சிறிதுமின்றி அமைப்பினாலேயே அழகு பெற்ற இப்பிராணியை ரசிக்க அதிகப் பழக்கம் வேண்டும். கிடைக்கும் இன்பமும் அதற்கேற்ப அதிகம். புல்லோரங்களில், முதுகில் இரண்டு வெளிர்மஞ்சள் பட்டிகளோடு சாதுவாக ஊர்ந்து செல்லும் இன்னொரு சிறிய உறவினனை 1758 இலேயே லினேயஸ் பதிவு செய்துவிட்டார். அது நீரைவிட ஈரநிலத்தையே விரும்புவது.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவது பொறுப்பாகாது. றப்பர் மரங்களுக்கடியில் உதிர்ந்த சருகில் சுருண்டு கிடக்கும், மூக்கு மேல்நோக்கிய சிறு புடையனாகிய குனகட்டுவா, நம் தோட்டங்களில் பால் வெட்டுவோரைத் தீண்டும் நச்சுப் பாம்பு. கண்ணாடிப் புடையனோ உயிரையே கொள்ளவல்லது. இவ்விரண்டுக்கும் கண்மணி செங்குத்துக் கீற்றாக இருக்கும். ஆனால் அதைச் சோதிக்கும் பொருட்டு எவரும் கிட்டே போகலாகாது. காட்டோரங்களில் வாழும் நிஹலுவா என்னும் பாம்பும் தண்ணிப் பாம்பின் சுற்றத்தைச் சேர்ந்ததேயாயினும், அதன் கடியினால் நோய்ப்பட்டோரை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஆகவே, எந்தப் பாம்பையும் கையால் தொடாமலும், சருகில் வெறுங்காலோடு நடக்காமலும், இரவில் விளக்கின்றிச் செல்லாமலும் இருந்துகொண்டு கண்ணால் மாத்திரம் ரசிப்பதே முறை. எப்பாம்பு கடித்தாலும், அடையாளத்தைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கழுத்தை விரித்ததால் நாகம் என்றும், புள்ளி இருந்ததால் புடையன் என்றும் தவறாக எண்ணப்பட்டு, வரம்பிலே அடிபட்டுச் சாகும் தண்ணிப் பாம்புகள் பல. மீன்வலையில் சிக்கி, மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் இறப்பனவும் உண்டு. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து தவளைகளை ஒழிக்குமாயின், அவற்றை உண்டு பிழைக்கும் பாம்பும் பசியால் ஒழியும். வாசகர்களே, அடுத்த மழைக்குப்பின் உங்கள் வீட்டுப் பிள்ளைகளை ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்று, எட்ட நிறுத்தி, கண்ணோரத்து இரண்டு கருங்கோடுகளைக் காட்டிக் கொடுங்கள். தடியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.