அளந்தது எதை?

இரத்த ஓட்டம் நின்றபின் கல்லீரல் எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும்? உறுப்பு மாற்று அறுவைக்கு அடிப்படையான கேள்வி இது. இதற்கு நெடுங்காலம் வழங்கிவந்த விடை, ‘சுமார் இருபது நிமிடம்’ என்பது. நாய்களில் நடத்திய சோதனைகள் தந்த எண் அது. கல்லீரலுக்குள் செல்லும் இரத்தக் குழாய்களை இடுக்கியால் அழுத்தி வைத்தார்கள். அந்த நேரத்தைத் தாண்டியதும் நாய்கள் மடியத் தொடங்கின.

சோதனை சரி, முடிவு தவறு. ஏன் என்று பாருங்கள். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகக் குடல் பகுதியிலிருந்து வருகிறது. அதை அடைத்தால் இரத்தம் குடலிலேயே தேங்கிவிடும். இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து நாய் இறந்துபோகும். குடல் இரத்தத்துக்கு மாற்றுப் பாதை அமைத்துவிட்டுச் சோதித்தபோது நாய்கள் இன்னும் அதிக நேரம் தாங்கின! கம்பிச்சுருளின் மின்தடையை அளக்கும் மாணவன், இணைப்புக் கம்பிகளின் தடையையும் சேர்த்து எழுதிவந்தால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். இங்கோ அப்பிழை அறுவை மருத்துவர்களைப் பல்லாண்டு அச்சுறுத்தியது. 1978-இல் பிரான்சில் ஹ்யூகே குழுவினர், மனிதக் கல்லீரல் உடல் வெப்பநிலையிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாங்குவதைக் காட்டினார்கள்.

மாற்று அறுவைக்காக எடுத்த கல்லீரலைப் பனிக்கட்டியில் வைத்து 4 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விப்பது வழக்கம். ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் வேதிவினைகளின் வேகம் பாதியாகக் குறைகிறது என்று கொண்டால், 37-லிருந்து 4-க்கு வரும்போது சுமார் பத்தில் ஒரு பங்காகும். பத்தில் ஒரு பங்கு, பூஜ்யம் அன்று. உயிரணுக்களின் சக்திச் சேமிப்பு கரைந்துகொண்டேயிருக்கும்.

ஆகவே பனிக்கட்டிக்குப் பதிலாக இயந்திரம் வந்தது. உடல் வெப்பநிலையில் கல்லீரலுக்குள் இரத்தம் செலுத்தும் இயந்திரத்தை ஐரோப்பாவில் சோதித்து, 2018-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியின் இரத்தத்தில் கசியும் ஏ.எஸ்.டி. என்னும் என்ஸைம் பாதியாகக் குறைந்ததாம். இங்கேதான் எனக்குப் பழைய நாய்களின் நினைவு வருகிறது. இயந்திரத்தில் ஓடிய இரத்தத்தில் ஏற்கெனவே கசிந்த என்ஸைம் அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம் அல்லவா? எஞ்சியதை மட்டும் அளந்துவிட்டுச் சேதம் பாதி என்று சொல்லலாமா? ஓராண்டு உயிர்பிழைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சராசரியாக நான்கு மணி நேரம் கூடுதலாக வைத்திருந்தும், பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட கல்லீரல்கள் பாதியாகக் குறைந்தன. தலைப்பில் ஏற வேண்டிய செய்தி அதுதான்!

2021-இல் நெதர்லாந்துக் குழுவினர் தலைமையில் வெளிவந்த ஆய்வு எனக்கு அதிகம் பிடித்தது. இதயம் நின்றபின் தானம் பெற்ற கல்லீரல்கள் அவை. பொருத்துவதற்கு முன் இரண்டு மணி நேரம் குளிர்ந்த, பிராணவாயு கலந்த திரவத்தை அவற்றுக்குள் செலுத்தினார்கள். பித்தக் குழாய்களுக்குத் தமனி ஒன்றே முக்கிய ஆதாரம். இரத்தம் நின்றால் எளிதில் பழுதாகுபவை அவை. எனவே என்ஸைமை நம்பியிராமல், ஆறு மாதத்துக்குள் யாருக்கெல்லாம் இக்குழாய்கள் சுருங்கித் தொல்லை தந்தன என்று எண்ணினார்கள். பனிக்கட்டி முறையில் நூற்றுக்கு 18 பேர். இயந்திர முறையில் 6 பேர்.