உடுமீன் களைவதற்கு வடிகுழாயா, இறாலா?

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர் ‘அஸ்டெரினா’ என்று ஒரே பெயரிட்டு அழைக்கும் சின்னஞ்சிறு உடுமீன்கள், அதாவது நட்சத்திர மீன்கள், உண்மையில் பல இனங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் சில இன்று ‘அக்விலோனாஸ்ட்ரா’ என்னும் தனிப் பேரினத்தில் வகைப்படுத்தப்படுகின்றன. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய இவற்றின் கைகள் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் இருப்பதற்குக் காரணம், உடலைத் தாமே இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டும் இழந்த கைகளை வளர்த்துக்கொள்ளும் பிளவுமுறை இனப்பெருக்கமே ஆகும். பெரும்பாலானவை கண்ணாடியில் படியும் பாசியை மேய்ந்து வாழ்பவை என்பதால், ஐந்தாறு கண்ணில் பட்டதுமே களையெடுக்கக் கிளம்புவது வீண்வேலை. எண்ணிக்கை நூற்றைத் தாண்டி, பாறையைப் போர்த்திய இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசியில் வெள்ளைத் தழும்புகள் தோன்றும்போதோ, சோவாந்திட் எனப்படும் பொத்தான் பவளங்களின் மேல் அவை இரவுதோறும் அமர்ந்திருக்கக் காணும்போதோதான் கருவியின் தேவை எழுகிறது.

நீளமான எஃகு இடுக்கியைத்தான் பலரும் முதலில் நாடுகின்றனர். ஆனால் உடுமீனின் அடிப்புறத்தில் வரிசையாக உள்ள குழாய்க்கால்கள், நீரழுத்தத்தால் நீண்டு சுருங்கிப் பரப்பைப் பற்றிக்கொள்பவை. நேராகப் பிடித்து இழுத்தால் பிடி இறுகுகிறது, மேலும் இழுத்தால் உடல் கிழிகிறது, கிழிந்த துண்டு தொட்டிக்குள்ளேயே தங்கி மறுபடி வளரவும் கூடும். அந்த வகையில், அவசரக்காரர் கையில் இடுக்கி பெருக்கும் கருவியாகவே மாறிவிடுகிறது.

இதற்கு மாறாக, நுனியில் கெட்டியான பிளாஸ்டிக் குழல் பொருத்திய வடிகுழாய், தொட்டியின் நீர்மட்டத்திற்கும் கீழே உள்ள வாளிக்கும் இடையிலான உயர வேறுபாட்டால் நீரை இழுக்கும் மிக எளிய அமைப்பு. இதில் எல்லாம் உள்விட்டத்தைப் பொறுத்தது. காற்றுக்குழாயாக விற்கப்படும் 4 மி.மீ. உள்விட்டக் குழாய்க்குள் வளர்ந்த உடுமீன் நுழையாமல் வாயில் சிக்கிக்கொள்கிறது, 10 மி.மீ. குழாய் அதை விழுங்கிவிடும் என்றாலும், குறுக்குப்பரப்பு ஆறு மடங்குக்கும் மேல் பெரியதாகையால் வாளி விரைவில் நிறைந்துவிடுகிறது. நீர் வெளியேறும் முனையில் நுண்வலைப் பையைக் கட்டி, அதை வடிகட்டும் அடித்தொட்டிக்குள் தொங்கவிட்டால் உடுமீன்கள் பையில் தங்க, நீர் மட்டும் தொட்டிக்கே திரும்புகிறது. வேலையை நிதானமாகச் செய்ய இடம் கிடைக்கிறது. விளக்கணைந்து ஓரிரு மணி நேரம் கழித்து, குழல் நுனியால் ஒரு கையின் விளிம்பை மெல்ல நெம்பி, அது உயர்ந்த கணத்தில் வாயைப் பொருத்த வேண்டும். முதலிலேயே உறிஞ்ச முற்பட்டால் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பாறையின் உள்துளைகளில் இருப்பவற்றை இக்குழாய் எட்டாது என்பதே இதன் பெருங்குறை.

அந்தக் குறையைத் தீர்ப்பது ஹார்லெக்வின் இறால். உடுமீனைப் புரட்டிப் போட்டுக் குழாய்க்கால்களைக் கொய்து தின்னும் இந்த உயிர்க்கருவி, துளைக்குள்ளும் சென்று வேட்டையாடுகிறது. ஆனால் உடுமீன் தவிர வேறெதையும் இது ஏறக்குறைய உண்பதில்லை. விரும்பி வளர்க்கும் லிங்கியா உடுமீனையும் விட்டுவைக்காது. களை தீர்ந்தபின் இதற்கென்றே உடுமீன் வாங்கிப் போட வேண்டிய நிலை வருகிறது, இல்லையேல் பட்டினியால் சாகும். செம்பு கலந்த மருந்துகளோ உடுமீனை மட்டுமன்றி இறாலையும் பவளத்தையும் சேர்த்தே கொல்பவை. அவை பரிசீலனைக்கே உரியவை அல்ல.

பவளம் வளர்க்கும் சிறு தொட்டிக்கு, 10 மி.மீ. வடிகுழாயும் நுண்வலைப் பையும் வாரம் இருமுறை என்ற ஒழுங்கில் போதுமானவை. இறாலை வாங்குவதாயின், களை தீர்ந்ததும் அதை ஏற்றுக்கொள்ளும் இன்னொரு தொட்டிக்காரரை முதலில் உறுதிசெய்துகொண்டு வாங்குவதே தகும்.