சார்ஜ் எவ்வளவு?

ஆடித் தபசுக்கு சங்கரன்கோவில் போயிருக்கிறீர்களா? போனவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. சங்கனும் பத்மனும் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று இருவருக்கும் சண்டை. தீர்ப்பு கேட்டு கோமதி அம்மனிடம் போக, அம்மன் தவம் இருக்க, பாதி சிவனும் பாதி திருமாலுமாக ஒரே உருவில் வந்து நின்றார் சங்கரநாராயணர். அந்தக் காட்சிதான் தபசு.

நான் போன வருஷம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டபோது செல்போன் உயிரை விட்டுவிட்டது. கூட வந்தவர்கள் எங்கே என்று தெரியாது. யார் நம்பரும் மனப்பாடம் கிடையாது. (உங்களுக்கு எத்தனை நம்பர் மனப்பாடமாகத் தெரியும்? யோசித்துப் பாருங்கள்.) பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் ஏறி, "அண்ணாச்சி, சார்ஜ் எவ்வளவு?" என்றேன்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "எந்த சார்ஜ கேக்கிய தம்பி? ரீசார்ஜா, சார்ஜ் போடவா, சார்ஜர் வேணுமா?"

கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் குறுக்கே புகுந்தார். "என்கிட்ட கேளுங்க. நான் வாங்குன சார்ஜ் எவனும் வாங்கியிருக்க மாட்டான்."

அரசு அலுவலகம் ஒன்றில் கிளர்க்காக இருந்து ரிட்டயர் ஆனவராம். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன். போன் சார்ஜ் ஏறுகிற அரை மணி நேரத்தில் அந்த வார்த்தை என் தலைக்குள் ஏறிவிட்டது. முதலில் அதை இறக்கி வைக்கிறேன்.

ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் உள்ள வார்த்தை எது என்று க்விஸ் நிகழ்ச்சிகளில் கேட்பார்கள். 'செட்' என்று சொன்னால் மார்க் உண்டு. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்தக் குட்டி வார்த்தைக்கு 430 அர்த்தம். 'சார்ஜ்' அந்தப் போட்டியில் ஜெயிக்காது. ஆனால் செட்டை விட இது நம் வாழ்க்கையில் ஆழமாகப் புகுந்த வார்த்தை. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வருகிறோம். பஸ் சார்ஜ், கரண்ட் சார்ஜ், சர்வீஸ் சார்ஜ் கட்டியே ஆயுசு போகிறது. ஆபீஸில் சார்ஜ் எடுக்கிறோம், சார்ஜ் ஒப்படைக்கிறோம். நேரம் சரியில்லை என்றால் சார்ஜ் ஷீட். ஊர்வலம் போனால் லத்தி சார்ஜ்.

இதில் பஸ் சார்ஜ் நம் சொந்தத் தயாரிப்பு. ஆங்கிலேயன் 'ஃபேர்' என்றுதான் சொல்வான். லண்டனில் போய் 'பஸ் சார்ஜ் எவ்வளவு' என்று கேட்டால், பஸ்ஸை எதில் சொருகி சார்ஜ் ஏற்றுவது என்று கேட்பதாக நினைப்பான். இப்போது பேட்டரி பஸ் வந்துவிட்டதால் பதிலும் சொல்வான்!

இத்தனை அர்த்தமும் ஒரு வண்டியிலிருந்து இறங்கியவை. லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் சார்ஜின் பூர்வீகம். கார், கார்கோ எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். துப்பாக்கியில் மருந்து ஏற்றினாலும், பேட்டரியில் மின்சாரம் ஏற்றினாலும், ஒருவர் தலையில் வேலையையோ விலையையோ பழியையோ ஏற்றினாலும் சார்ஜ்தான். ஏற்றுகிற சரக்குதான் மாறுகிறது.

தமிழும் கிட்டத்தட்ட இதே வண்டியில்தான் போயிருக்கிறது. நாம் குற்றம் 'சுமத்துகிறோம்'. வரி சுமத்துகிறோம். விலை 'ஏற்றுகிறோம்'. பொறுப்பு என்பதே 'பொறு'விலிருந்து வந்தது. பொறுத்தல் என்றால் பாரம் தாங்குதல். பிரசவத்தில் வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்த ஜனங்கள் நாம். சுமை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறிவியல் பாடப் புத்தகத்தில் நாம் மின்னூட்டம் என்று எழுதினோம். இலங்கைத் தமிழர்கள் ஏற்றம் என்று எழுதினார்கள். என் ஓட்டு இலங்கைக்குத்தான். ஊட்டுவது பிள்ளைக்கு, ஏற்றுவது வண்டிக்கு.

நான் படித்தது பி.காம். அங்கே இந்த வார்த்தை வேறு வேஷத்தில் வந்து பயமுறுத்தியது. கம்பெனி கடன் வாங்கினால் அதன் சொத்தின் மேல் பேங்குக்கு இருக்கும் பிடிமானத்துக்குப் பெயரும் சார்ஜ். கட்டடம், மெஷின் என்று குறிப்பிட்ட சொத்தைப் பிடித்தால் ஃபிக்ஸட் சார்ஜ். சங்கரன்கோவில் விசைத்தறிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜவுளி கம்பெனியில் இன்றைக்கு வந்த நூல் நாளைக்குச் சேலையாகி வெளியே போய்விடும், வேறு நூல் வரும். நிற்காமல் ஓடுகிற அந்தச் சரக்கின் மேல் இருக்கும் பிடி, ஃப்ளோட்டிங் சார்ஜ். கம்பெனி மூழ்கினால் மிதந்தது அப்படியே உறைந்து, அன்றைக்கு குடோனில் என்ன இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதே கம்பெனிக்கு மின்வாரியம் அனுப்பும் பில்லிலும் ஒரு ஃபிக்ஸட் சார்ஜ் உண்டு. தமிழில் 'நிலைக் கட்டணம்'. ஆங்கிலத்தில் எழுத்து மாறாத ஒரே ஜோடி வார்த்தை. ஒன்றைக் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள், இன்னொன்றைக் கட்டாவிட்டால் ஃபேக்டரியையே பிடுங்குவார்கள். இந்த இடத்தில் தமிழ் தெளிவு, ஆங்கிலம் குழப்பம். நிலத்தின் மேல் உள்ள சுமைக்கு நாம் வைத்த 'வில்லங்கம்' மாதிரி பளிச்சென்ற வார்த்தை ஆங்கிலத்திலேயே கிடையாது என்பேன். காதில் விழும்போதே வயிற்றைக் கலக்குகிறது பாருங்கள்.

இன்சார்ஜ் விஷயத்தில் நாம் தலைகீழாகப் போனோம். 'நான்தான் இன் சார்ஜ்' என்று வெள்ளைக்காரன் சொன்னால் முழு அதிகாரமும் என்னிடம் என்று அர்த்தம். நம் ஊர் ஆபீஸில் 'இன்சார்ஜ்' என்றால் நிரந்தரம் இல்லாதவர், ஃபைலை நகர்த்த யோசிப்பவர். பெயர்ப் பலகையில் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று போட்டிருந்தால், எதற்கும் நிரந்தர அதிகாரி வந்த பிறகு வாருங்கள் என்று பொருள். 2016 செப்டம்பரிலிருந்து 2017 அக்டோபர் வரை தமிழ்நாட்டுக்கே பொறுப்பு ஆளுநர்தான். மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ் நம்மைக் கூடுதலாகப் பார்த்துக்கொண்டார். ஜெயலலிதா மறைந்ததும், கூவத்தூர் களேபரமும் அந்த இடைவெளியில்தான்.

அடுத்து லத்தி சார்ஜ். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு டென்னிசனின் கவிதை உண்டு. 1854-ல் பாலக்லாவாவில் பீரங்கிகளுக்கு நேரே குதிரையில் பாய்ந்த லைட் பிரிகேட் பற்றியது. தலைப்பில் சார்ஜும் லைட்டும் இருந்ததால் எமர்ஜென்ஸி லைட் சம்பந்தப்பட்ட பாடம் என்று கடைசி பெஞ்சில் நினைத்துக்கொண்டோம். அங்கே சார்ஜ் என்றால் பாய்ச்சல், எதிரில் பீரங்கியோடு எதிரி. லத்தி சார்ஜிலும் அதே பாய்ச்சல்தான், எதிரில் இருப்பவன் கையில் கோரிக்கை மனு மட்டும். தமிழ் இதைப் பூசி மெழுகாமல் 'தடியடி' என்று உடைத்துச் சொன்னது. தடி, அடி. இரண்டும் இருக்கிறது. சபாஷ்!

நாம் சும்மா இருந்தோமா? பத்திரிகைக்காரர்கள் நாங்கள் முன்னால் ஒரு வார்த்தை சேர்த்தோம். 'போலீசார் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்.' நானும் எழுதியிருக்கிறேன். லேசு என்று எந்தத் தராசில் நிறுத்தேன்? அடி வாங்கியவரையா கேட்டேன்? போலீஸ் தரப்பு சொன்ன 'மைல்ட் லத்தி சார்ஜ்' என்பதை அப்படியே பெயர்த்தேன், அவ்வளவுதான். 1999 ஜூலை 23-ம் தேதி நெல்லையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த பேரணியில் போலீஸ் தடியடி. தப்பிக்கத் தாமிரபரணியில் இறங்கினார்கள் ஜனங்கள். ஒரு சின்னக் குழந்தை உட்பட 17 பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கு சங்கரன்கோவிலும் நெல்லை மாவட்டம்தான். அந்தப் பக்கத்து மனிதர்களிடம் போய் லேசான தடியடி என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால், நான் குறை சொல்ல வந்தது இதைக்கூட அல்ல. ஸ்டூல் பெரியவர் சொன்னதைத்தான்.

ரிட்டயர் ஆக மூன்று மாதம் இருக்கும்போது அவருக்கு 17(பி) சார்ஜ் மெமோ வந்திருக்கிறது. அரசு ஊழியர்களுக்கு இந்த நம்பரைச் சொன்னாலே வியர்க்கும். 17(ஏ) என்றால் சின்ன தண்டனைக்கான வழி. 17(பி) என்றால் வேலையே போகலாம். காணாமல் போன ஏதோ ரசீது புத்தகத்துக்கு அவர் பொறுப்பு என்று புகார். விசாரணை இழுத்தது ஆறு வருஷம். கடைசியில் நிரூபணம் ஆகவில்லை என்று ஃபைலை மூடினார்கள்.

"பணம் வந்துட்டு தம்பி, அது கெடக்கு. அந்தக் கவர்ல என்னன்னு எழுதியிருந்துச்சு தெரியுமா? 'குற்றக் குறிப்பாணை'. என் வீட்டுக்காரி எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. முதல் வார்த்தையைப் படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டா. 'என்ன குத்தம் செஞ்சிய?'ன்னு கேட்டா. முப்பத்தி மூணு வருஷ சர்வீஸ்ல அவ கேட்ட ஒரே கேள்வி."

அந்தக் கவரைக் கொஞ்சம் பாருங்கள். சார்ஜ் என்றால் குற்றம் அல்ல, குற்றச்'சாட்டு'. ஒருவர் தலையில் ஏற்றிய சுமை. அவர் அதைத் தாங்கவும் செய்யலாம், நியாயம் கேட்டு இறக்கி வைக்கவும் செய்யலாம். டிஸ்சார்ஜ் என்பதற்கு இறக்கி வைப்பது என்றே பொருள். விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து ஒருவரை விடுவித்தால் கோர்ட்டிலும் அதற்குப் பெயர் டிஸ்சார்ஜ்தான். தமிழில் 'சாட்டு' என்ற அந்தச் சின்ன வால்தான் மனிதனுக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்கிற ஒரே சுவர். அதை இடித்துத் தள்ளிவிட்டோம். சார்ஜ் மெமோ, குற்றக் குறிப்பாணை. சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை. இரண்டிலும் சாட்டு எங்கே?

சார்ஜ் ஷீட் என்பது போலீஸ் தன் விசாரணையை முடித்து கோர்ட்டில் கொடுக்கும் அறிக்கை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்தில் 193. அதைப் படித்துவிட்டு, வழக்கு நடத்த முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி நினைத்தால்தான் சார்ஜ் பதிவாகும். என்ன தப்பு, எப்போது, எங்கே என்று அதில் சொல்லி, அந்த மனிதருக்கு வாசித்துக் காட்டி, விளங்க வைத்து, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்க வேண்டும். இதற்கும் தமிழ்ப் பத்திரிகையில் பெயர் குற்றச்சாட்டு. மேடையில் மைக் பிடித்த தலைவர் எதிர்க்கட்சிக்காரரைப் பற்றிப் போகிற போக்கில் சொல்வதற்கும் பெயர் குற்றச்சாட்டு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெருவாசிகள் சொல்வதும் குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை. ஒரே ஆங்கில வார்த்தைக்குப் பத்து தமிழ் வார்த்தை வைத்திருக்கும் நாம், சிறைக்குப் போகும் விஷயத்தில் பத்து ஆங்கில வார்த்தைக்கு ஒரே தமிழ் வார்த்தையை வைத்து ஓட்டுகிறோம்.

கீழ்க்கோர்ட்டுத் தமிழ் இன்னொரு விசித்திரம். அங்கே குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் 'எதிரி'. முதல் எதிரி, இரண்டாம் எதிரி. கடுமையான வார்த்தைதான். ஆனாலும் எதிரி ஜெயிக்கலாம், குற்றவாளி ஜெயிக்க முடியாது. அதனால் நான் எதிரியின் கட்சி. கைதான அன்றைக்கே 'முதல் குற்றவாளி' என்று எழுதுவது நாங்கள்தான். ஒரு காலத்தில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று நான் எழுதிக் கொடுத்தால் டெஸ்க்கில் வெட்டிவிடுவார்கள். தலைப்பில் இடம் போதாது என்பார்கள். தப்பான காரணமும் இல்லை, நீளமான வார்த்தைதான். குட்டியாக ஒன்று கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடவில்லை, நான் உட்பட. கம்ப்யூட்டருக்கு கணினி, சாஃப்ட்வேருக்கு மென்பொருள் என்று எத்தனை எத்தனை கண்டுபிடித்தோம்! அக்யூஸ்டுக்கு ஒன்று இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் 'அக்யூஸ்டு' என்றே சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நம் காதுக்கு அதுவும் திட்டு மாதிரியே கேட்கிறது.

பெரியவரிடம், ஃபைலை மூடினார்களே, அந்த ஆர்டரை வீட்டில் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"ஃப்ரேம் போட்டு மாட்டலாம்னு நெனச்சேன். 'குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை'ன்னு இருந்துச்சு. அதுலயும் முதல் வார்த்தை குத்தம்தானே... பீரோவுக்குள்ள வெச்சிட்டேன்."

தபசுக் காட்சி முடிந்து கூட்டம் திரும்பி வர ஆரம்பித்தது. பெரியவர் ஸ்டூலை உள்ளே நகர்த்திப் போட்டுவிட்டு, வீட்டுக்காரி தேடுவாள் என்று கிளம்பினார். அண்ணாச்சி என் போனை ஒயரிலிருந்து உருவினார்.

"சார்ஜ் எவ்வளவு அண்ணாச்சி?"

"எழுபத்தி நாலு."

கொஞ்சம் ஜாஸ்திதான், திருவிழா ரேட் போலிருக்கிறது என்று பர்ஸைத் திறந்தேன். அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அது பர்சன்ட் தம்பி. நீங்க பத்து ரூவா குடுங்க."