நட்பு, காதல், வான்படை: ‘பிளைற்’ (1929) திரைப்படத்தின் கருத்துநிலை

கலைப்படைப்பொன்றின் கருத்துநிலையை ஆராயப் புகுவோர் அதன் உற்பத்தி நிலைமைகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும் என்பது மார்க்சிய விமர்சனத்தின் அடிப்படைகளுள் ஒன்று. இலக்கியத்திலும் பார்க்கச் சினிமாவில் இதன் தேவை வெளிப்படையானது. கவிஞனுக்குத் தாளும் எழுதுகோலும் போதும். விமானப் படம் எடுப்பவனுக்கோ விமானங்கள் வேண்டும். அவற்றை உடைமையாகக் கொண்டிருப்பவர் யார் என்ற வினாவிலிருந்தே அத்தகைய படம் பற்றிய ஆய்வு தொடங்குதல் பொருந்தும். பிராங் கப்ரா இயக்கிக் கொலம்பியா நிறுவனம் 1929இல் வெளியிட்ட ‘பிளைற்’ என்னும் பேசும்படம் இதற்குத் தக்க சான்றாகும்.

கொலம்பியா அக்காலத்தில் பெருநிறுவனங்களுக்கு ஈடுகொடுக்க இயலாத சிறு நிறுவனம். இத்தகைய நிறுவனங்கள் இயங்கிய வட்டாரத்தை ஹொலிவூட்டார் ‘வறுமைத் தெரு’ என எள்ளி அழைத்தனர். மறுபுறம், கோடீசுவரரான ஹவார்ட் ஹியூஸ் தமது ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ (1930) படத்துக்காக விமானங்களை விலைக்கு வாங்கிக் குவித்தார். அப்படத்துக்கு ஏறத்தாழ 40 இலட்சம் டொலர் செலவானதாக விளம்பரப்படுத்தப்பட்டது. கொலம்பியாவால் இது கனவிலும் இயலாதது. எனவே அந்நிறுவனம் அரசை நாடியது. ஐக்கிய அமெரிக்க மரைன் படை தன் விமானங்களையும் விமானிகளையும் தளங்களையும் படப்பிடிப்புக்கு வழங்கிற்று. சிறு முதலீட்டில் பெரிய வானக் காட்சிகள் கிடைத்தமைக்கு இதுவே காரணம். அக்காட்சிகளின் சிறப்பை மறுப்பதற்கில்லை. படப்பிடிப்புக் கருவியை வானிலேயே கொண்டுசென்று எடுக்கப்பட்ட அணிவகுப்புப் பறத்தற் காட்சிகள் இன்றும் மெய்ம்மை குன்றாதன. ஆயின் உற்பத்திச் சாதனத்தை இரவல் பெறுபவன் அதன் உடைமையாளனின் பார்வையையும் பெரும்பாலும் சேர்த்தே பெறுகின்றான் என்பதைக் கதையமைப்புக் காட்டுகின்றது.

கதை எளிமையானது. கல்லூரி மாணவனான லெஃப்ரி, அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டியொன்றில் பந்துடன் திசைமாறி ஓடித் தன் அணியின் தோல்விக்குக் காரணமாகின்றான். 1929 சனவரி 1இல் ‘றோஸ் போல்’ ஆட்டத்தில் றோய் றீகல்ஸ் என்ற வீரர் இவ்வாறு ஓடியமையும், அவரது கலிபோர்னியா அணி 8-7 எனத் தோற்றமையும் அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்ட நிகழ்வுகள். அவமானத்தால் மனமுடைந்த லெஃப்ரி மரைன் விமானப் பயிற்சியிற் சேர்கின்றான். அனுபவம் மிக்க சார்ஜன்ற் பனாமா அவனுக்கு ஆதரவாகின்றான். பின்னர் இருவரும் நிக்கரகுவாவுக்கு அனுப்பப்படுகின்றனர். தாதி எலினோர் மீது பனாமா காதல் கொள்கின்றான். தன் காதலைத் தானே உரைக்க நாணி நண்பனைத் தூது விடுகின்றான். அவளோ தூதுவனையே விரும்புகின்றாள். பனாமா, நண்பன் தனக்குத் துரோகமிழைத்ததாகக் கருதி வெதும்புகின்றான். போரில் லெஃப்ரியின் விமானம் சதுப்பு நிலத்தில் வீழவும், உண்மையுணர்ந்த பனாமா அவனைத் தேடிச் சென்று மீட்கின்றான். காயமுற்ற பனாமாவை லெஃப்ரியே விமானமோட்டித் தளத்துக்குக் கொண்டுவருகின்றான்.

இக்கதையில் இரு அம்சங்கள் நோக்கற்பாலன. முதலாவது, காதற் போட்டியினுள் மறைந்துநிற்கும் வர்க்க வேறுபாடு. பனாமா படையையே பிழைப்பாகக் கொண்ட, பேச்சு நயமற்ற மனிதன். லெஃப்ரி கல்லூரி வாசலினின்று வந்தவன். காதல் கல்லூரி இளைஞனுக்கும் கடமை சார்ஜன்றுக்கும் பங்கிடப்படுகின்றன. இப்பங்கீடு இயல்பானதென்றே படம் ஏற்றுக்கொள்கின்றது. ஜக் ஹோல்ற்றின் நடிப்பில் பனாமாவே பார்வையாளர் நெஞ்சில் நிலைப்பவனாகின்றான் என்பது உண்மை. எனினும் அந்த அனுதாபம் அவனது தியாகத்தைப் போற்றுகின்றதே தவிர, தியாகம் எப்போதும் அவனுடைய பங்காவது ஏன் என்று கேட்கத் தூண்டுவதில்லை.

இரண்டாவது, போர் பற்றிய மௌனம். படம் வெளிவந்தபோது நிக்கரகுவாவில் மரைன் படை நிலைகொண்டிருந்தது. கால்வாய் அமைக்கும் உரிமையை 30 இலட்சம் டொலருக்கு ஐக்கிய அமெரிக்காவுக்கு ஒப்படைத்த ஒப்பந்தம் 1914இல் கைச்சாத்தானது. 1927இல் அமெரிக்க மேற்பார்வையில் ஏற்பட்ட சமரசத்தை ஏற்க மறுத்து ஒகஸ்ரோ சான்டினோ ஆயுதமேந்தினார். அமெரிக்கருக்குச் சொந்தமான சான் அல்பினோ தங்கச் சுரங்கத்தில் தொழில் பார்த்தவர் அவர். அவ்வாண்டு யூலை 16இல் ஒகோற்றல் நகரில் மரைன் படையினரை அவரது ஆட்கள் முற்றுகையிட்டபோது, ஐந்து விமானங்கள் தாழப் பாய்ந்து குண்டுவீசி அம்முற்றுகையைக் குலைத்தன. மரைன் தரப்பில் மாண்டவர் ஒருவர். நிக்கரகுவா மக்கள் பெருந்தொகையினர் மாண்டனர்.

முற்றுகையிடப்பட்ட காவலரணை விமானங்கள் வந்து மீட்கும் படக்காட்சி இந்நிகழ்வையே நினைவூட்டுகின்றது. ஆயின் திரையில் வருபவன் சான்டினோ அல்லன். ‘லோபோ’ என்னும் கொள்ளைக்காரத் தலைவன். ஸ்பானிய மொழியில் அச்சொல் ஓநாயைக் குறிப்பது. சான்டினோவின் போராளிகளைக் கொள்ளைக்காரர் என்றே அமெரிக்க அதிகாரிகளும் குறித்தனர். அரசின் சொல்லே கதையின் பாத்திரமாக உருப்பெற்றுவிட்டது. தன் மண்ணில் நின்று போரிடுபவன் எதற்காகப் போரிடுகின்றான் என்பது படத்தில் எங்கும் உரைக்கப்படவில்லை. இரு நண்பரின் பிணக்குத் தீர்வதற்கு ஓர் ஆபத்து வேண்டும். அந்த ஆபத்தாக மட்டுமே நிக்கரகுவா மக்கள் பயன்படுகின்றனர்.

நமது இலக்கிய மரபு அகத்தையும் புறத்தையும் வேறுபடுத்தி நோக்கியது. தலைவனின் பெயரோ அவன் குடியின் அடையாளமோ வெளிப்படின் பாடல் புறமாகும் எனக் கொண்டனர். நெடுநல்வாடையில் வேலிற் சூடிய வேம்பு ஒன்றே அதனைப் புறமென உரைகாரர் கொள்ளப் போதுமாயிற்று. ‘பிளைற்’ இதற்கு மறுதலையானது. நாடும் படையும் பெயரோடு நிற்கவும், அனைத்தும் அகமே என நம்பச் செய்கின்றது. புறத்தை அகத்தினுள் கரைத்துவிடுவதே இப்படத்தின் கருத்துநிலைத் தொழிற்பாடு எனலாம்.

முக்கோணக் காதல் சினிமாவுக்குப் பொதுவான வாய்ப்பாடு, அதனை அரசியலாக்குதல் மிகை என்று சிலர் வாதிடலாம். ஆயின் இவ்வாய்ப்பாட்டையே கப்ரா, ஹோல்ற், றல்வ் கிறேவ்ஸ் ஆகிய மூவரும் மும்முறை பயன்படுத்தினர். ‘சப்மறீன்’ (1928) நீர்மூழ்கிக் கப்பலையும், ‘டிறிஜிபிள்’ (1931) வான்கப்பலையும் களமாகக் கொண்டவை. கருவி மாறுகின்றது, இரு ஆடவரும் ஒரு பெண்ணும் மாறுவதில்லை. சிறு நிறுவனத்துக்கு மலிவாகக் கிடைத்த கதைப்பொருள் இது. ஆயுதப் படைகளுக்கோ தம்மை மனிதநேயத்தின் உறைவிடமாகக் காட்டும் வாய்ப்பு. இருவர் நலனும் இவ்வாய்ப்பாட்டிற் பொருந்தின. 1986இல் வெளிவந்த ‘ரொப் கன்’ படமும் அமெரிக்கக் கடற்படையின் விமானங்களைக் கொண்டே நட்பு, போட்டி, காதல் என்ற கலவையை வார்த்தது. செலவு பன்மடங்காயிற்று, உறவு மாறவில்லை.

அன்றைய மனிதருக்கு வேறு பார்வை கிட்டுதல் இயலாதென்றும் கூறுவதற்கில்லை. 1912இல் நிக்கரகுவாவிற் படை நடத்திய மரைன் தளபதி ஸ்மெட்லி பட்லரே, தாம் வங்கிகளினதும் பெருமுதலாளிகளினதும் அடியாளாகச் செயற்பட்டதாக 1935இல் வெளிப்படையாக எழுதினார். மரைன் படை 1933 சனவரியில் வெளியேறிற்று. 1934 பெப்ரவரியில், அமெரிக்கர் உருவாக்கிய தேசிய காவற்படையினர் சான்டினோவைக் கொன்றனர். அப்படையின் தலைவரான சொமோசாவின் குடும்ப ஆட்சி 1979 வரை நீடித்தது.

திசைமாறி ஓடிய ஒருவனோடு படம் தொடங்குகின்றது. அவன் நேர்வழி கண்டு மீள்வதே கதையின் ஓட்டம். மீட்சி தருவது படை. தனிமனிதன் எத்திசையில் ஓடினான் என்பதைக் கூர்ந்து நோக்கும் படம், அவனை ஏற்றிச் சென்ற விமானம் எத்திசையிற் பறந்தது என்று நோக்கவில்லை. அதனை நோக்குதல் விமர்சகனின் கடன்.