ஐயம் நீங்கிய இடம்: தேம்பாவணியின் பிறப்புக் காட்சி

தேம்பாவணியைப் பட்டப்படிப்பில் பரீட்சைக்காகத்தான் படித்தேன். வீரமாமுனிவர் 1726இல் பாடிய 3615 பாடல்களில் அன்று மனதில் நின்றது நாட்டு வருணனை மட்டுமே. யூதேயாவைத் தமிழ்நாட்டு வயலாக்கிவிட்டாரே என்று சிரித்திருக்கிறோம்.

மறுபடியும் அதைக் கையிலெடுத்தது 2019 டிசம்பரில். ஏப்ரல் 21க்குப் பிறகு ஹட்டன் பஸ்ஸில் என் பக்கத்து ஸீட் காலியாகவே வந்தது. கத்தோலிக்கச் சிநேகிதி ஒருத்தி வழமைபோல நத்தார் கேக் அனுப்புவாளா என்று, வெட்கத்தை விட்டுச் சொன்னால், காத்திருந்தேன். அனுப்பினாள். அந்த வாரம்தான் மகவருள் படலத்தை வாசித்தேன்.

தொழுவம் இருக்கிறது, வறுமை இருக்கிறது. ஆனால் அலங்காரம் இரண்டையும் மூடிவிடுகிறது. முனிவரைக் குறைசொல்ல ஏலாது, காவிய மரபு அப்படி. அவர் சார்ந்த கத்தோலிக்க மரபில் அன்னைக்குப் பேற்று நோவும் இல்லை. இதை வகுப்பில் சொன்னபோது லயத்துப் பிள்ளை ஒன்று கேட்டது: "அப்ப மாதாவுக்கு நோவே இருக்கலயா டீச்சர்?" தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிறந்த பிள்ளை அது.

சூரத்து மர்யமில் நோவு இருக்கிறது. அங்கே தொழுவமில்லை, கணவனுமில்லை. ஒரு பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே மரணித்திருக்கக் கூடாதா என்று கதறும் பெண். கவலைப்படாதே என்று குரல் வருகிறது, காலடியில் நீரோடை. பழம் தானாகக் கைக்கு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நோவில் கிடப்பவளையே மரத்தை உலுக்கச் சொல்கிறது. கொழுந்துக் கூடையை நிறைமாதம் வரை சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவைப்படவில்லை.

ஆனாலும் அந்த டிசம்பரில் எனக்குத் தெம்பு தந்தது தேம்பாவணிதான், அதுவும் பிறப்புக் காட்சி அல்ல. காவியத் தலைவன் வளன், அதாவது சூசையப்பர். மனைவி கருவுற்றது கண்டு அவர் கலங்குவதற்கு ஐயந்தோற்று படலம். தெளிவதற்கு ஐயநீங்கு படலம். ஒருவருடைய சந்தேகத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்த காவியம் தமிழில் அரிது. தெளிந்த பிறகுதான் அவர் அவளோடு பெத்லகேமுக்கு நடக்கிறார். பக்கத்தில் இருப்பவரின் ஐயம் நீங்காமல் அந்தத் தொழுவத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை.

இப்போதெல்லாம் இந்த இரண்டு படலங்களையும் சேர்த்தே வாசிக்கச் சொல்கிறேன். "பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்றுதான் கேட்கிறார்கள்.